மனப்பாடக் கடிதம் எதுவரை உதவும்?

பிரெஞ்சு மொழிக்கான டெல்ஃப் பி2 தேர்வின் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணி நேரம் தருகிறார்கள். ஒரே கேள்வி, குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். பெரும்பாலும் மேயருக்கோ மேலாளருக்கோ ஒரு கடிதம், இல்லையென்றால் கருத்துக் கட்டுரை. 2026 ஜனவரி முதல் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்பவர்களுக்கு பி1 போதாது, பி2 வேண்டும் என்றாகிவிட்டது. பாரிஸில் வாழும் ஈழத்தமிழர் பலருக்கும் இது தலைக்கு மேல் வந்த வேலை. அந்த அவசரத்தில் முதலில் கைக்கு வருவது மனப்பாடக் கடிதம்தான்.

அதை அடியோடு ஒதுக்க முடியாது. அனுப்புநர், பெறுநர், பொருள், விளி என்ற சட்டகம் மாறுவதே இல்லை. பிரெஞ்சுக் கடிதத்தை முடிக்கும் நீண்ட மரியாதை வாக்கியத்தை யாரும் சொந்தமாக யோசித்து எழுதுவதில்லை. பிரெஞ்சுக்காரர்களே அச்சு மாறாமல்தான் எழுதுகிறார்கள். தொடக்கத்தில் 'மதாம் லா திரெக்த்ரீஸ்' என்று விளித்தால் முடிவிலும் அதே விளி வர வேண்டும். இதை நெட்டுருப் போட்டவருக்குத் தேர்வறையில் சில நிமிடங்கள் மிச்சம்.

சிக்கல் நடுப்பகுதியில். நூலகத்தை மூடாதீர்கள் என்று குடியிருப்போர் சார்பில் எழுதச் சொன்னால், 'இன்றைய நவீன உலகில்' என்று தொடங்கும் தயார் பத்தி அங்கே ஒட்டாது. முரணே இல்லாத இரண்டு கருத்துகளுக்கு நடுவே 'நேயான்முவாங்' (எனினும்) வந்து உட்காரும். 'பியாங் க' (இருந்தபோதிலும்) என்று கம்பீரமாகத் தொடங்குபவர், அதன்பின் வர வேண்டிய 'ஸ்வா'வை விட்டு 'ஏ' என்று எழுதிவிடுவார். கடன் வாங்கிய வாக்கியம் எங்கே முடிந்தது என்பது திருத்துபவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

காதால் பிரெஞ்சு கற்றவர்களின் பாடு வேறு. சமையலறையிலும் கடையிலும் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் மூடுவது, மூடப்பட்டது, மூடுங்கள் மூன்றுமே காதுக்கு 'ஃபெர்மே'. தாளில் மூன்றுக்கும் மூன்று எழுத்துக்கூட்டு. எந்த மாதிரிக் கடிதமும் இதைச் சரிசெய்யாது. பழைய பள்ளிக்கூட முறையான 'திக்தே', அதாவது சொல்வதெழுதுதல், சரிசெய்யும். குழந்தைத்தனம் என்று பலர் அதைத் தள்ளிவைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

திருத்தும் மென்பொருள்களும் பாதி உதவிதான். பிழையில்லாத பிரதியைப் பார்த்துத் திருப்திப்பட்டு அடுத்த தலைப்புக்குப் போகிறவர், அதே பிழையையும் கூடவே கொண்டுபோகிறார். திருத்திய கட்டுரையை மூடி வைத்து, ஒரு வாரம் கழித்து அதே கேள்விக்கு மறுபடி எழுதிப் பார்க்க வேண்டும். பயிற்சியிலேயே அதிகம் பலன் தருவது இதுதான். குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான்.

ஆகவே, கடிதத்தின் தலையையும் காலையும் மனப்பாடம் செய்யலாம், நடுப்பத்திகளைக் கூடாது. மொத்தத்தில் 100க்கு 50 எடுத்தாலும், எழுத்தில் 25க்கு 5க்குக் கீழே போனால் தேர்ச்சி இல்லை. ஐம்பது மாதிரிக் கடிதங்களைக் கையில் கொடுத்துவிட்டு, மாணவர் எழுதிய ஒன்றைக்கூட வரிவரியாகத் திருத்தித் தராத வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம்.