பழைய கம்பியில் புதிய விளக்கு

தென் இங்கிலாந்தில் வெஸ்டர்லி நிறுவனத்தார் 1969 முதல் 1980 வரை கட்டிய ‘சென்டார்’ என்னும் 26 அடிப் பாய்மரப் படகுகளில் 2,000-க்கும் மேற்பட்டவை கடலில் இறங்கின. அவற்றின் உடல் மரத்தால் ஆனதன்று, கண்ணாடியிழையால் வார்க்கப்பட்டது. ஆகையால் புழு அரிக்காமலும் உப்புநீரில் உளுத்துப் போகாமலும் அரை நூற்றாண்டைக் கடந்தும் அது திடமாக நிற்கிறது. ஆனால் அந்த உடலினுள் அன்றைக்கே இழுத்துப் பொருத்தப்பட்ட மின்கம்பிகளுக்கு அத்தகைய ஆயுள் வாய்க்கவில்லை. இப்படிப்பட்ட பழைய படகைச் சொற்ப விலைக்கு வாங்கும் ஒருவர், பெரும்பாலும் முதற் காரியமாக மேற்கொள்வது, மங்கலாகி மஞ்சளித்த இழைப் பல்புகளைக் கழற்றி எறிந்துவிட்டு எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்துவதேயாகும். செலவு குறைவு, வேலை எளிது, பலன் அன்றிரவே கண்ணுக்குத் தெரியும். எனவே இது சர்வசாதாரணமான வழக்கமாகிவிட்டது. அவ்வாறு ஆகிவிட்டதனாலேயே இதன் குணதோஷங்களை நிதானமாக ஆராய வேண்டியிருக்கிறது.

இதனால் விளையும் நன்மை சிறிதன்று, கணக்கிட்டே காட்டலாம். கரையைவிட்டு அகன்ற படகுக்கு மின்சாரம் என்பது 12 வோல்ட் பாட்டரியில் சேமித்த அளவுதான். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஈய-அமில பாட்டரியிலும், அதன் ஆயுளைக் கருதுகிறவர் பாதிக்கு மேல் செலவிடத் துணியமாட்டார். பாய்மரத்தின் உச்சியில் சிவப்பு, பச்சை, வெண்மை ஆகிய மூன்று நிறங்களையும் ஒரே கூண்டிலிருந்து காட்டும் 25 வாட் இழைப் பல்பு, 2 ஆம்பியருக்குச் சற்று அதிகமாகவே இழுக்கிறது. 10 மணி நேர இரவில் அந்த ஒன்றே ஏறத்தாழ 21 ஆம்பியர்-மணியைச் செலவழித்துவிடும். அறையினுள் 10 வாட் ஹாலஜன் விளக்குகள் நான்கு 3 மணி நேரம் எரிந்தால் இன்னும் 10 போய்விடும். மறுநாட் காலையில் எஞ்சினைக் கிளப்ப வேண்டுமே என்ற அச்சத்தில், உச்சி விளக்கை அணைத்துவிட்டு இருளிலே செல்லும் விபரீதமான சிக்கனத்துக்குப் பலர் ஆளானதும் உண்டு. அதே உச்சியில் இரண்டரை வாட் எல்.இ.டி. வேலை செய்யுமானால் இரவு முழுவதற்கும் இரண்டோ மூன்றோ ஆம்பியர்-மணி போதும். பாட்டரியைப் பற்றிய கவலை விளக்கை அணைக்கத் தூண்டாத நிலை ஏற்படுவது, என் அபிப்பிராயத்தில், இம்மாற்றத்தின் தலையாய பயன். மற்ற நன்மைகளெல்லாம் இதற்குப் பின்னரே வரும். 1880-இல் எடிசனின் விளக்குகள் ‘கொலம்பியா’ என்னும் நீராவிக் கப்பலில் ஏறியது முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கப்பல்களிலும் படகுகளிலும் ஆட்சி செய்த இழைப் பல்பு, அலையின் அதிர்ச்சியில் இழை அறுந்து திடீரென்று அணைந்துபோகக் கூடியது. புதிய விளக்குக்கு அந்தப் பலவீனமில்லை. கூரைக்கு அடியில் ஹாலஜன் கக்கும் வெப்பமும் இதில் இல்லை.

இவ்வளவு நன்மைகளுக்குப் பின்னும் என் மனத்தை உறுத்துவது, விளக்குக்குப் பின்னால் மறைந்திருக்கும் கம்பியின் கதி.

இழைப் பல்பின் ஒளி, தனக்கு வந்து சேரும் வோல்டேஜைப் பொறுத்து மிகக் கடுமையாக ஏறி இறங்கும் இயல்புடையது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் ஒளி சுமார் 30 சதவீதம் குறைந்துவிடும். சுவிட்ச் பலகையிலிருந்து பாய்மர உச்சிவரை 15 மீட்டர் என்று கொண்டால், போகவும் வரவுமாக 30 மீட்டர். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் அதன் மின்தடை ஏறக்குறைய 0.36 ஓம். 25 வாட் பல்பு எரிகையில் இக்கம்பி முக்கால் வோல்டை விழுங்குகிறது. அதாவது, கம்பி புத்தம் புதியதாக இருந்தபோதே 6 சதவீதம் இழப்பு. அமெரிக்கன் போட் அண்ட் யாட் கவுன்சில் வகுத்த தரவிதி, கடற்பயண விளக்குகளுக்கு 3 சதவீதத்துக்கு மேல் இழப்புக் கூடாது என்கிறது. இனி, பாய்மரத்தின் அடியில் மேல்தளத்திலுள்ள பிளக்கிலே உப்புநீர் புகுந்து களிம்பேறி இன்னும் அரை ஓம் கூடியதாக வைத்துக்கொள்வோம். உச்சி விளக்கின் ஒளி, 12 வோல்டில் தரவேண்டியதில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும். படகுக்காரர் அதைக் கண்டு, கம்பியில் ஏதோ கோளாறு என்று தேடத் தொடங்குவார். மங்கிய பல்பு அவருக்குச் செய்த உபகாரம் இதுவே.

எல்.இ.டி. வந்தபின் இந்த எச்சரிக்கை நின்றுவிடுகிறது. கால் ஆம்பியருக்கும் குறைவாக ஓடும் மின்சாரம் அதே களிம்பேறிய பிளக்கில் 0.1 வோல்டையே இழக்கும். உள்ளே மின்னோட்டத்தைச் சீராக்கும் சாதனம் உள்ள விளக்கானால் அந்தச் சிறு இழப்பும் கண்ணுக்குப் புலப்படாது. விளக்கு பளிச்சென்று எரிகிறது. பிளக் தொடர்ந்து அரிக்கப்படுகிறது. பின்னர் ஒருநாள் இணைப்பு முற்றிலும் அற்றுப்போகும்போதுதான் செய்தி வெளிவரும். அது பெரும்பாலும் காற்றும் அலையும் மிகுந்து, பாய்மரத்தில் ஒருவரும் ஏற முடியாத இரவாகவே இருக்கும். பழைய படகுகளில் பெரும்பாலும் பூச்சற்ற வெறும் செம்புக் கம்பியே ஓடுகிறது. வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசுவது எதற்காகவோ, அதே காரணத்துக்காகக் கடற்படகின் கம்பியிழைகளுக்கும் வெள்ளீயம் பூச வேண்டும். பூச்சில்லாத இழைகளில் ஈரம் ஏற ஏற, உறைக்குள்ளே நெடுந்தூரம் வரை கறுப்பு படர்ந்துவிடும். அத்தகைய கம்பியின் நுனியை மட்டும் வெட்டிப் புதிய விளக்கோடு முறுக்கிவிடுவது வேலை முடிந்ததாகக் காட்டுமேயன்றி, முடித்ததாகாது.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு, அது வலுவானதே. கெட்டுப்போன இணைப்பில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் பத்தில் ஒரு பங்கானால் வெப்பம் நூற்றில் ஒரு பங்காகிவிடும். எனவே, எல்.இ.டி. பழுதை மறைத்தாலும் அதன் தீ அபாயத்தைப் பெரிதும் தணிக்கிறது. மெலிந்த கம்பியும், அது ஆரோக்கியமாக இருக்குமட்டும், மேற்சொன்ன 3 சதவீத விதிக்குள் தானாகவே வந்துவிடுகிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இந்த ஆறுதல் விளக்குக்கு மட்டும் போகும் கம்பிக்கே பொருந்தும். பழைய படகுகளில் ஒரே கம்பி விளக்குக்கும், மின்விசிறிக்கும், தண்ணீர் பம்புக்கும் பொதுவாக ஓடுவது சகஜம். அங்கே விளக்கைப் பார்த்துக் கம்பியின் நலத்தை ஊகிப்பது ஏமாற்றம் தரும். மேலும், முன்பு 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் அதுவே தங்கிவிடுகிறது. தனியே விளக்குகளுக்கான கம்பியானால் 3 ஆம்பியருக்கு மாற்றிவிடலாம். உராய்ந்து உறை கிழிந்த கம்பி எங்கேனும் உரசினால் ஃபியூஸ் முன்கூட்டியே உருகும். சில காசுகளில் முடியும் இக்காரியத்தைச் செய்பவர்கள் ஏன் இவ்வளவு அரிதாயிருக்கிறார்கள் என்று வியக்கிறேன்.

விளக்குகளுக்குள்ளும் தராதரம் உண்டு. பெயர் 12 வோல்ட் என்றாலும், பாட்டரிக்கு மின்னேற்றம் நடக்கையில் அவ்வமைப்பு 14.4 வோல்ட் வரை ஏறும். சுமார் 3.2 வோல்ட் கொள்ளும் வெண்ணிற எல்.இ.டி. மூன்றைத் தொடுத்து, ஒரு தடையை மட்டும் சேர்த்து விற்கப்படும் மலிவான பல்பில், 12 வோல்டில் தடைக்கு எஞ்சுவது 2.4 வோல்ட், 14.4-இல் அது 4.8. மின்னோட்டமும் ஏறத்தாழ இருமடங்காகிறது. பல்பின் ஆயுள் அதற்கேற்பக் குறுகுகிறது. ஓட்டத்தைச் சீராக்கும் சாதனம் உள்ள பல்புகள் இக்குறையற்றவை. ஆனால் செம்மையாகச் செய்யப்படாதவை ரேடியோ அலைவரிசைகளில் இரைச்சலைப் பரப்பும். அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2018-இல் இதைக் குறித்தே எச்சரிக்கை வெளியிட்டது. ஆபத்தில் அழைக்கும் வி.எச்.எஃப். ரேடியோவும், பிற கப்பல்களின் இருப்பைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியும் பாதிக்கப்படலாம் என்றது. வி.எச்.எஃப். ஆன்டெனாவும் உச்சி விளக்கும் பாய்மரத்தின் முனையில் சாண் தூரத்தில் நிற்பவை என்பதை நினைக்கும்போது இதன் கடுமை விளங்கும்.

கடற்பயண விளக்கில் பல்பை மட்டும் மாற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன். வெண்ணிற எல்.இ.டி.யின் ஒளியில் நீலம் மிகுதி, சிவப்பு குறைவு. இழைப் பல்புக்கென்று சாயமிட்ட பச்சைக் கண்ணாடிக்குப் பின்னே அது நீலம் கலந்து தோன்றும், சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னே சோபையிழக்கும். பக்க விளக்கு ஒவ்வொன்றும் 112.5 பாகைக்குள் ஒளிர்ந்து, முன்திசையில் அந்த எல்லைக்கு வெளியே 1 முதல் 3 பாகைக்குள் மறைந்துவிட வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதி. மெல்லிய ஒற்றை இழையை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட கூண்டில், சுற்றிலும் பொட்டுப்பொட்டாக ஒளிரும் பல்பைச் செருகினால் அந்த எல்லை மங்கிவிடும். எதிரே வருபவர் படகின் திசையைத் தவறாக நிர்ணயிக்க நேரும். இங்கே கூண்டோடு முழு விளக்கையும், தரச்சான்று பெற்றதாக, மாற்றுவதே முறை. அறைக்குள் இத்தனை கண்டிப்பு வேண்டியதில்லை. 2,700 கெல்வின் அளவிலான இளமஞ்சள் ஒளியைத் தேர்ந்தால் தேக்குப் பலகையின் நிறம் கெடாது. பித்தளை உடலுள்ள பழைய விளக்குகளில் மட்டும் எச்சரிக்கை தேவை: இழைப் பல்புக்கு நேர்முனை எதிர்முனை என்ற பேதமில்லாததால், முந்தைய உரிமையாளர் கம்பிகளைத் தலைகீழாக இணைத்திருந்தாலும் அது எரிந்திருக்கும்; எல்.இ.டி.யோ அவ்விணைப்பில் எரியாமற் போகலாம்.

ஆகவே இவ்வழக்கத்தில் நான் காணும் பெருங்குறை, செய்யும் வரிசையில்தான் இருக்கிறது. பழைய பல்பைக் கழற்றுமுன், அதை எரியவிட்டு, பல்பின் முனைகளிலும் பாட்டரியின் முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும். கம்பியின் நீளத்துக்கும் பருமனுக்கும் கணக்குப்படி வரவேண்டிய இழப்பைவிடக் காணும் இழப்பு அதிகமானால், அந்த மிச்சம் முழுவதும் களிம்பின் பங்கு. உச்சி விளக்கில் 0.75 வோல்ட் கண்டால் கம்பி நலமாயிருக்கிறது, 1.5 கண்டால் பிளக்கையும் கம்பியையும் முதலில் மாற்றியாக வேண்டும். எல்.இ.டி.யைப் பொருத்திய பின்னர் இச்சோதனையைச் செய்ய நினைப்பவர், 2 ஆம்பியர் இழுக்கும் அந்தப் பழைய பல்பையே தேடி எடுத்துத் தற்காலிகமாக மாட்ட வேண்டியிருக்கும்.