லூவேனில் ஒரு நாள்: படமும் பந்தியும்

பெல்ஜிய நாட்டின் லூவேன் நகரம் நம் வாசகர்க்குப் புதிதன்று. 1425-இல் நிறுவப்பெற்ற அதன் பல்கலைக்கழகத்தில் நம் நாட்டுக் குருக்கள் பலர் இறையியல் பயின்று திரும்பியுள்ளனர். அந்நகரில் வாழ்ந்து 1475-இல் மறைந்த ஓவியர் டீரிக் பவுட்ஸை முன்னிட்டு, 2023-இன் இலையுதிர்காலத்தில் அங்கே பெருவிழா ஒன்று எடுக்கப்பட்டது. கண்காட்சி, சொற்பொழிவு, இசையரங்கு என மாதக்கணக்கில் நீண்ட அவ்விழாவில் ஒரு நாள் நமக்கு வாய்த்தது. அந்நாள் நமக்குத் தந்ததையும் தரத் தவறியதையும் இங்கே எண்ணிப் பார்க்கிறோம்.

'எம்' அருங்காட்சியகத்தின் கண்காட்சி ஒரே கருத்தின்மேல் எழுந்தது. பவுட்ஸ் இன்றைய பொருளில் 'கலைஞர்' அல்லர். கேட்டவர்க்குக் கேட்டபடி படம் செய்து தந்தவர். ஆகவே அவருக்கு உறவினர் இன்றைய திரைப்பட இயக்குநரும் விளையாட்டுப் புகைப்படக்காரரும் கணினி விளையாட்டை அமைப்பவருமே என்பது அக்கருத்து. அதன்படி பழைய பலகை ஓவியங்களின் அருகே இக்காலப் படங்கள் இடம்பெற்றன.

இக்கருத்தில் பாதி உண்மை என்பதை மறுக்க மாட்டோம். தனிமேதை தன் உள்ளத்தைக் கொட்டித் தீர்ப்பதே ஓவியம் என்னும் எண்ணம் பிற்காலத்தது. பவுட்ஸ் கூலிக்கு வேலை செய்தவரே. ஆயின் அந்தக் கூலிக்கான ஒப்பந்தத்தையே எடுத்துப் பார்ப்போம். 1464-இல் லூவேன் நற்கருணைச் சபையார், புனித பேதுரு ஆலயத்தில் உள்ள தங்கள் சிற்றாலயப் பீடத்துக்கென இறுதி இராவுணவு ஓவியத்தை அவரிடம் கேட்டனர். இப்பணி முடியும்வரை வேறு பணியை ஏற்கலாகாது என்றனர். பல்கலைக்கழகத்தின் இறையியல் ஆசிரியர் இருவர் சொற்படியே பொருளை அமைக்க வேண்டும் என்றும் விதித்தனர். எந்தப் படப்பிடிப்புத் தளத்தில் இப்படி ஒரு விதி உண்டு? கண்ணைக் கவர்வது மட்டும் நோக்கமாயின், இரண்டு இறையியலாரை ஓவியரின் தோளருகே நிறுத்த வேண்டிய தேவை என்ன?

அவ்விருவரின் கை படத்தில் தெளிவாகவே தெரிகிறது. இராவுணவை வரைந்தோர் பலர், 'உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்' என்ற சொல் விழுந்த கணத்தின் பதற்றத்தைத் தேர்ந்தனர். பவுட்ஸின் மேசையைச் சுற்றிப் பதற்றமே இல்லை. ஆண்டவர் கையுயர்த்தி ஆசி வழங்குகிறார். சீடர்கள் அசையாது இருக்கிறார்கள். யூதாசின் முகம் மட்டும் நிழலில். அறையின் கோடுகள் யாவும் ஆண்டவர் தலைக்கு மேலே, கணப்பின் மேற்பகுதியில் உள்ள ஒரு புள்ளியை நோக்கிக் குவிகின்றன. அக்கால ஃபிளெமிஷ் வீட்டுக் கூடம் போன்ற அறைதான். யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து உட்காரலாம் என்று தோன்றுகிறது. இருமருங்கிலும் நான்கு பழைய ஏற்பாட்டுக் காட்சிகள்: அப்பமும் இரசமும் ஏந்திய மெல்கிசதேக், மன்னா சேகரிக்கும் மக்கள், பாஸ்கா உணவு, வானதூதர் உணவளிக்கும் எலியா. நான்கும் உணவு பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும். இது பந்திக்கு அழைக்கும் படம். திரைப்படச் சட்டகத்தின்முன் எவரும் முழந்தாளிடுவதில்லை. இந்தப் படமோ முழந்தாளிடுவோர்க்கென்றே செய்யப்பட்டது. கண்காட்சியின் ஒப்புமை முறிவது இவ்விடத்தில்தான்.

சொற்பொழிவுகளைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. அறிவு நிறைந்தவை, ஆனால் ஒன்றை அசைபோடுமுன் அடுத்தது வந்து நின்றது. கலைவிழா நடத்துவோர் யாவருக்கும் உள்ள பசி இது.

இடையே பல்கலைக்கழக நூலகத்துக்கு நடந்தோம். பழைய நூலகம் 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படையின் தீக்கு இரையாகி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் சாம்பலாயின. 1928-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடமும் 1940 மே மாதம் எரிந்தது. (பின்னர் 1968-இல் மொழிப் பூசலால் பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிய, நூல்கள் பல ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்ணாகப் பங்கிடப்பட்டன! தீ செய்யாததைப் படித்தோர் செய்தனர்.) பவுட்ஸின் பக்கப் பலகைகள் நான்கும் அதற்கு வெகுமுன்னரே விற்கப்பட்டுப் பெர்லினிலும் மியூனிக்கிலும் இருந்தன. 1919-ஆம் ஆண்டின் வெர்சாய் உடன்படிக்கை, எரிந்த நூல்களுக்கு ஈடாக நூல்களையும், லூவேனுக்கு இப்பலகைகளையும் தருமாறு ஜெர்மனிக்கு ஒரே விதியில், 247-ஆம் விதியில், கட்டளையிட்டது. இரண்டாம் போரில் மீண்டும் கொண்டுசெல்லப்பட்டு மீண்டும் திரும்பின. ஓர் ஓவியம் தன் பீடத்தைத் தேடி இத்தனை முறை பயணம் செய்த வரலாறு, விழாவில் இன்னும் உரத்து ஒலித்திருக்க வேண்டும்.

மாலையில் இசை. பவுட்ஸ் காலத்ததே ஆகிய உள்ளங்கையளவுப் பாட்டுச்சுவடி ஒன்றை லூவேன் பாதுகாத்து வருகிறது. அதிலுள்ள ஐம்பது பாடல்களுள் பன்னிரண்டு வேறெந்தச் சுவடியிலும் இல்லை. பெரும்பாலானவை பிரெஞ்சுக் காதற்பாடல்கள். ஒவ்வொரு குரலுக்குமான பகுதி விரித்த ஏட்டில் தனித்தனியே எழுதப்பட்டிருப்பதால், பாடுவோர் பிறர் குரலுக்குச் செவிகொடுத்தே தம் குரலை நிறுத்த வேண்டும். இத்தகைய பாடல்களை அன்று கேட்டோம். முன்னுரை இல்லை, திரையில் ஒளிப்படம் இல்லை. மூன்று குரல்கள் ஒன்றையொன்று தேடின. அரங்கு இருமலையும் அடக்கிக்கொண்டது. காலையிலிருந்து நாம் கண்டவற்றுள் இதுவே முழுமையானது எனத் தயங்காமல் கூறுவோம்.

காதற்பாட்டுக்குக் கிடைத்த இந்த மௌனம் இராவுணவு ஓவியத்துக்கும் கிடைத்திருக்கலாம். பேதுரு ஆலயத்தில், விளக்கவுரையும் ஒப்புமையும் இன்றி, அமர்ந்து பார்க்க ஒரு மணி நேரம்: விழாக்குழுவினரிடம் நாம் கேட்டிருக்கக்கூடியது இவ்வளவே.