இகழ்ச்சி வில்லை

வாளேந்திய வீரன் புதையல் கவர்வதே மேசையைச் சுற்றியமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளின் பெருவழக்கு. கனடாவின் அவெரி ஆல்டர் 2013இல் வெளியிட்ட ‘தி குவயட் இயர்’ அவ்வழக்கை மறுக்கின்றது. இதில் நாயகன் இல்லை; நாகரிகம் சிதைந்தபின் எஞ்சிய ஒரு சமூகமே பாத்திரம். சீட்டுகள் 52, ஒவ்வொன்றும் ஒரு வாரம். ஆடுவோர் கூடி ஒரே வரைபடத்தை வரைகின்றனர். விவாதத்தில் எவரும் ஒருமுறையே பேசலாம், முடிவு எடுக்கப்படுவதில்லை. தம்மைக் கேளாமற் காரியம் நடந்ததெனக் கருதுபவர் ‘இகழ்ச்சி’ வில்லையொன்றை எடுத்துத் தம்முன் வைக்கலாம்.

நம்மை ஈர்த்தது இவ்வில்லையே. ஒற்றுமை பேசும் கலைகள் பல, உள்ளே புகையும் கசப்பை மூடிவிடுகின்றன. இதுவோ அதனை மேசைமேற் பரப்பி வைக்கின்றது. எனினும், கிணறு வெட்டும் வாரங்களைப் பகடை எண்ணுகின்றதேயன்றி, வெட்டுபவன் யார், மேற்பார்ப்பவன் யார் என்று விதி வினவுவதில்லை. இஸ்கோப்பன் இராசா வெளிப்பட்டதும் ஆட்டம் நின்றுவிடுகின்றது.