கோணலின் நியாயம்

டிரைவர் இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள மூடியைத் தூக்கினால்தான் பழைய டெம்போ டிராவலரின் என்ஜின் முகம் காட்டும். குட்டை மூக்குக்குள் பாதி, கேபினுக்குள் பாதி என்று கிடக்கும் நாலு சிலிண்டர் டீசல். ஆள் உட்கார இடம் வேண்டுமென்று வடிவமைத்தவர்கள் மிச்சம் பிடித்த அங்குலங்களைப் பிற்பாடு மெக்கானிக்கின் விரல்கள்தான் கடனாக அடைக்கின்றன.

புனே நானா பேட்டையில், உதிரிபாகக் கடைகளுக்கு நடுவே, அந்தக் கடன் அடைபடுவதை ஒரு மதியம் நின்று பார்த்தேன். வண்டிக்கும் இதுதான் சொந்த ஊர். 1958இல் பஜாஜ் டெம்போவாகத் தொடங்கி 2005இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் ஆன நிறுவனத்தின் தலைமையிடம் பக்கத்து ஆகுர்டி. டிராவலர் வந்தது 1987இல். உடலும் என்ஜினும் மெர்சிடிஸ் வழி. ‘டெம்போ’ என்ற பெயர் ஹாம்பர்க்கிலிருந்து வந்து, நம் ஊரில் சின்னச் சரக்கு வண்டி எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

மிஸ்திரி பேசவில்லை, எண்களை மட்டும் சொல்லிக் கையை நீட்டினார். ‘தஹா’, ‘தேரா’, ‘சத்ரா’. பத்து, பதிமூணு, பதினேழு. ஜெர்மன் வழி வந்த பழைய வண்டியில் இந்த மூன்று நம்பர்களே பாதி வேலையை முடித்துவிடும். அடுத்து ‘கோட்டி’ என்றார். சாக்கெட்டுக்கு மராத்தியில் கோலிக்குண்டின் பெயர். திருநெல்வேலியில் மரை கழன்றவனைக் கோட்டி என்போம். இங்கே மரையைக் கழற்றுவதே கோட்டி!

அன்று சிக்கல், மேனிஃபோல்டின் அடிவரிசையில் ஒரு நட்டு. கண்ணுக்குத் தெரியாது. கோட்டி நுழையவும் இடமில்லை. முழங்கை வரை கையை விட்டு, நடுவிரல் நுனியால் அதன் ஆறு முகங்களையும் ஒருமுறை தடவினார். பிறகுதான் சாதாரணத் திறந்தவாய் ஸ்பேனரை எடுத்தார்.

நயம் இருப்பது அந்த ஸ்பேனரின் கழுத்தில். அதன் வாய் கைப்பிடிக்கு நேராக இல்லை. பதினைந்து பாகை சாய்ந்திருக்கிறது. நட்டுக்கு ஆறு முகம், முகத்துக்கு முகம் அறுபது பாகை. வாய் நேராக இருந்தால் ஒவ்வொரு பிடிக்கும் அறுபது பாகை திருப்ப வேண்டும். அந்தச் சந்தில் அதற்கு இடம் ஏது? சாய்ந்த வாயென்றால் முப்பது பாகை தள்ளி, ஸ்பேனரைப் புரட்டிப் போட்டு, இன்னொரு முப்பது தள்ளலாம். முப்பது பாகை என்பது கடிகாரத்தில் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் உள்ள இடைவெளி. அவ்வளவு இடம் போதும். தள்ளு, புரட்டு, தள்ளு, புரட்டு. வெளியே இருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் தோளின் சின்ன அசைவுதான்.

கழற்றுவதில் பலம் பாதி. மாட்டுவது முழுக்க விரல் வித்தை. நட்டின் பின்புறம் துளி கிரீஸ் தடவி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டார். ஸ்டட்டின் மேல் வைத்து, முதலில் எதிர்த்திசையில் திருகினார். மரையின் தலைப்பு வந்ததும் நட்டு மெல்ல ஓர் இடத்தில் இறங்கும். ‘டிக்’ என்று விரலுக்கு மட்டும் கேட்கும். அதன்பிறகே வலப்பக்கம். அவசரப்பட்டு நேரே திருகியிருந்தால் குறுக்கு மரை ஏறியிருக்கும். அரைமணி வேலை அரைநாள் ஆகியிருக்கும். அந்த ‘டிக்’குக்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தாரே, பாட்டுக்காரர் சுருதி சேரக் காத்திருப்பது அப்படித்தான்.

அப்பாவின் டூல் பெட்டியில் இப்படியொரு ஸ்பேனர் கிடந்தது. யாரோ இரும்பில் அடித்து வளைத்துவிட்டார்கள் என்று நினைத்து, சின்ன வயதில் அதை நிமிர்த்தப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, இரும்புக்கு என்னைவிட விவரம் அதிகம். வளைந்து கொடுக்கவில்லை.