மலையாளி: ஒரு சொல், இரு வழி

தமிழ்நாட்டின் கல்வராயன் மலையில் தமிழ் பேசும் மலையாளிகளின் பெயரைக் கேட்டதும் அவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிடும் வழக்கம் பெருகியிருக்கிறது. சொல் ஒன்றுபோல் ஒலிப்பதை வைத்து ஒரு மக்களின் வரலாற்றையே முடித்துவிடும் சோம்பல் முடிவு இது.

கேரளத்து மலையாளி, மலையாளம் என்ற பெயரின் ஈறு கெட்டு இகரம் சேர்ந்து பிறந்த சொல். மலையாளம் முதலில் நாட்டின் பெயர். மொழிப் பெயரானது பிற்பாடு. கல்வராயன் மலையாளிக்கு அந்தச் சுற்றுவழி தேவையில்லை. மலையோடு ஆளி நேராகச் சேர்கிறது. உழைப்பாளி, பங்காளி, விருந்தாளி போல. 'மலையை ஆண்டவர்' என்று பிரித்துப் பெருமைப்படுவதும் மிகைதான். கடனாளி கடனை ஆள்பவரா என்ன? மலைக்கு உரியவர் என்ற பொருளே போதும்.

1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுப்பு, இம்மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்த வேளாளர் என்னும் மரபுக் கதையைப் பதிவுசெய்தது. அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலை ஏறினார்களாம். கதையை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்த நினைவு கைகாட்டுவது காஞ்சியை; மேற்குக் கடற்கரையை அல்ல. பேச்சு தமிழ், பட்டம் கவுண்டர்.

மலையின் பெயரால் மக்களைக் குழப்பிக்கொண்டதில் ஐரோப்பியருக்கும் பங்கு உண்டு. மலை என்ற திராவிடச் சொல்லோடு அரபு, பாரசீக வணிகர் வழக்கின் 'பார்' ஒட்டி வந்த மலபார் என்ற பெயரை, போர்த்துகீசியர் மேற்குக் கரையில் கற்றுக்கொண்டு கிழக்கே வந்தும் விடவில்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் நூல். அதன் போர்த்துகீசியத் தலைப்போ மொழியை 'மலவார் தமிழ்' என்கிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மறைப்பணியாளர் சீகன்பால்குவுக்கும் சுற்றியிருந்த தமிழர் மலபாரிகளே. இலங்கையில் ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டிலும் தமிழரை அப்படி எழுதினார்கள். ரீயூனியன் தீவில் தமிழ் வழியினர் இன்றும் 'மல்பார்'. மலையையே காணாத கடற்கரைத் தமிழனுக்கும் மலைப்பெயர்!

ஐரோப்பாவுக்குள்ளும் இப்படி ஒரு சொல் உண்டு. அயலார் என்ற பொருளில் பழைய ஜெர்மானியர் வழங்கிய 'வால்' பிரிட்டனில் வேல்ஸ் ஆனது, பெல்ஜியத்தில் வலோன் ஆனது, ருமேனியாவில் வலாக்கியா ஆனது. போலந்துக்காரர்கள் இத்தாலியை அழைக்கும் பெயரும் அதன் வழிவந்ததே. வேல்ஸ்காரரும் இத்தாலியரும் ஒரே குலம் என்று அங்கே யாரும் வாதிடுவதில்லை.

கல்வராயனில் ஜாகீர்தார் ஆட்சி 1976 வரை நீடித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட பழங்குடிப் பட்டியல் மலையாளி என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் தந்தது: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழ்ந்தால் மட்டுமே மலையாளி பழங்குடி. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானாலும் பழைய தென் ஆர்க்காட்டின் வாரிசு என்பதால், கல்வராயனின் வெள்ளிமலை ஊர்ப் பிள்ளையின் சாதிச் சான்றிதழில் 'இந்து மலையாளி' எனப் பதிவாகிப் பழங்குடி உரிமை கிடைக்கிறது. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் அதே பெயரோடு வாழ்பவர்களோ, பட்டியலில் தங்கள் மாவட்டம் இல்லாததால், அந்தச் சான்றிதழுக்காகப் பல ஆண்டுகளாகக் கோரிக்கை வைத்துவருகிறார்கள்.