கேட்கும் குரலும் பேசும் குரலும்: முத்துக்குளித்துறை வழக்காறுகளை மூளையியல் வழி அணுகுவதன் எல்லைகள்

முன்னுரை

தூத்துக்குடியை நடுவாகக் கொண்டு குமரி முதல் இராமேசுவரம் வரை நீளும் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் அதன் உள்நாட்டிலும் மனநலம் வேண்டி மக்கள் தங்கும் தலங்கள் பல உள்ளன. உவரியிலும் புளியம்பட்டியிலும் உள்ள புனித அந்தோணியார் திருத்தலங்களும் ஏர்வாடி தர்காவும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இத்தலங்களில் ஒலிக்கும் ‘குரல்’ வழக்காற்றியலுக்கும் மனநல மருத்துவத்துக்கும் பொதுவான ஆய்வுப்பொருளாகும். மூளையியல் முடிவுகளை இக்களத்திற்குப் பொருத்துவதில் உள்ள வாய்ப்புகளையும் பிழைகளையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

மூளையியல் கூறுவது

எவரும் பேசாதபோது குரல் கேட்பது உளப்பிறழ்வு நோயின் அறிகுறியாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் இக்கருத்தைச் சோதித்தனர். கெல்லி டீடரனும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்கும் நோயாளர் 21 பேரும், நோயின்றியே குரல் கேட்போர் 21 பேரும் இடம்பெற்றனர். குரல் ஒலித்த கணங்களை அவர்களே கையசைவால் உணர்த்த, அப்போதைய மூளைச் செயற்பாடு பதிவு செய்யப்பட்டது. பேச்சை உருவாக்கும் பகுதிகளும் பேச்சைக் கேட்டறியும் பகுதிகளும் இரு குழுவினரிடமும் ஒருங்கே இயங்கின. குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வேறுபாடு பிறிதோரிடத்தில் இருந்தது. அதே நகரில் டால்மனும் பிறரும் 2011இல் வெளியிட்ட ஒப்பீட்டில், குரலின் உரப்பும் அது தோன்றும் இடமும் இரு குழுவினரிடமும் ஒத்திருந்தன. நோயாளரின் குரல்களோ பெரும்பாலும் இழித்துரைத்தன. அவர்தம் கட்டுப்பாட்டுக்கு அடங்கவில்லை. மிகுந்த துன்பம் தந்தன. எனவே, குரல் கேட்கிறதா என்பதைவிட அது என்ன சொல்கிறது, கேட்பவர் அதனை நிறுத்தவோ மறுக்கவோ இயலுமா என்பனவே நோயை இனங்காண உதவும் வினாக்களாகின்றன.

சென்னை ஆய்வும் அதன் அளவும்

குரல் சொல்வதைப் பண்பாடு வடிவமைக்கிறதா என்ற வினாவை டான்யா லூர்மன், சென்னை ஸ்கார்ஃப் அமைப்பின் ஆர். பத்மாவதி உள்ளிட்டோர் 2015இல் ஆராய்ந்தனர். அமெரிக்காவின் சான் மேட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய இடங்களில் இருபதின்மர் வீதம் நேர்காணப்பட்டனர். சென்னையில் 11 பேர் உறவினர் குரல்களைக் கேட்டனர். சமை, குளி என்று அக்குரல்கள் ஏவின, மூத்தோர் போல் அறிவுரை கூறின, கடிந்தும் கொண்டன. அமெரிக்கரோ வன்முறை மிகுந்த, அறியாதோர் குரல்களையே பெரிதும் விவரித்தனர்.

இம்முடிவைக் கொண்டு, தமிழ்ச் சூழலில் குரல் கேட்டல் தீங்கற்றது என முடிவு கட்டுவது பொருந்தாது. நேர்காணப்பட்ட அனைவரும் நோயாளர். குரல் உறவின் வடிவில் வந்தமையால் நோய் இல்லாமற் போகவில்லை. நோயற்றோர் இவ்வாய்வில் இடம்பெறவுமில்லை. உட்ரெக்ட் ஆய்வு மூளையை ஒப்பிட்டது, பண்பாட்டை ஒப்பிடவில்லை. சென்னை ஆய்வு பண்பாட்டை ஒப்பிட்டது, மூளையை அளக்கவில்லை. இரண்டையும் இணைத்து ஒரே சான்றாகக் காட்டுவது முறையியற் பிழையாகும்.

கேட்டலும் ஆட்படலும்

கடற்கரைக் களத்தில் இதனினும் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. மேற்கண்ட ஆய்வுகள் அனைத்தும் செவியில் ‘கேட்கும்’ குரலைப் பற்றியவை. அந்தோணியார் தலங்களில் பேய் பிடித்தவராகக் கருதப்படுபவர் வாயிலாக ஒலிப்பது ‘பேசும்’ குரல். முன்னதில் கேட்பவர் தன்னிலை இழப்பதில்லை. பின்னதில் பேசுபவரின் தன்னிலையே விலகி நிற்கிறது. தனக்குக் குரல் ஒலிக்கும் கணத்தைத் தானே உணர்ந்து தெரிவிப்பவரிடம் பெற்ற முடிவைப் பேயாட்டத்திற்கு அப்படியே ஏற்றுரைக்க இயலாது. புளியம்பட்டியைக் களமாகக் கொண்டு பிரிகித் செபாஸ்தியா 2007இல் எழுதிய பிரெஞ்சு நூல் துன்பத்தையும் ஆட்படலையும் தலைப்பிலேயே தனித்தனிச் சொற்களால் குறிப்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஏர்வாடி தரும் பாடம்

குரலுக்குப் பண்பாடு ஒரு பெயரும் இடமும் தருவது நன்மையே எனினும், அதுவே பாதுகாப்பாகிவிடாது. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் உயிரிழந்தனர். இறந்தோர் அனைவரும் குரல் கேட்டவர்கள் என்பதன்று இதன் பொருள். தலத்தின் மீதிருந்த நம்பிக்கையும் உறவினரின் பரிவும் அவர்தம் தளையை அவிழ்க்கவில்லை என்பதே பொருள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலை எவ்வடிவிலும் தடை செய்கிறது.

முடிவுரை

குரல் கேட்கும் ஒவ்வொருவரையும் நோயாளர் என்பதற்கு மூளையியல் இடந்தரவில்லை. குரலை நம்பிக்கையாக மட்டும் கண்டு துன்புறுவோரைச் சிகிச்சையின்றி விடுவதற்கும் அது இடந்தரவில்லை. ஆகவே இக்கடற்கரையில் களப்பணி மேற்கொள்வோர் மூன்றனைப் பிரித்துப் பதிவு செய்தல் வேண்டும்: குரல் கேட்கப்படுகிறதா பேசப்படுகிறதா, அது யாருடையதாக அறியப்படுகிறது, அதனால் உறக்கமும் உழைப்பும் உறவும் குலைகின்றனவா. மூன்றாம் வினாவுக்கு விடை ‘ஆம்’ எனில், வழிபாட்டோடு மருத்துவமும் உரியவரைச் சென்றடைய வேண்டும். அவ்வினா இடம்பெறாத பதிவு, வழக்காற்றைக் காத்து மனிதரைக் கைவிடுவதாகவே அமையும்.