பேசிப் பேசி எடுத்த மௌனப்படங்கள்: மௌரிட்ஸ் ஸ்டில்லரும் அவருடைய நடிகர்களும்

செல்மா லாகர்லெவின் நாவலை க.நா.சு.வின் மொழிபெயர்ப்பில் 'மதகுரு'வாகப் படித்தவர்களுக்கு அந்தப் பனிவண்டி மறந்திருக்காது. உறைந்த ஏரி, பின்னால் ஓநாய்க் கூட்டம், வண்டியில் கெஸ்டா பெர்லிங்கும் அன்னாவும். துரத்தி வரும் ஓநாய்களின் மீது ஒரு புத்தகத்தைக்கூட வீசி எறிகிறான் கெஸ்டா. 1924 மார்ச்சில் வெளியான 'கெஸ்டா பெர்லிங்' என்ற ஸ்வீடிஷ் படத்தில் அதே ஏரி இருக்கிறது, ஓநாய்களும் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான் வேறு. அன்னாவின் இடத்தில் எலிசபெத் தோனா என்ற இளம் சீமாட்டி. அவளாக நடித்த பெண்ணுக்குப் படப்பிடிப்பின்போது வயது 18. நாடகப் பள்ளி மாணவி. பெயர் கிரேட்டா கார்போ.

இயக்குநர் மௌரிட்ஸ் ஸ்டில்லரின் சுபாவத்தை அந்த இடமாற்றம் ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளரின் பேர்பெற்ற காட்சியை எடுத்து, தான் ஆளாக்க நினைத்த ஒரு முகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். திரைப்பட வரலாற்று நூல்கள் பலவும் அவரைக் 'கார்போவைக் கண்டுபிடித்தவர்' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வதற்கும் அந்த முகம்தான் காரணம். வரி பொய்யில்லை. ஆனால் கார்போ அவர் கண்ணில் படுவதற்கு முன்பே சுமார் 40 படங்களை எடுத்து முடித்திருந்தவர் அவர். ஸ்வீடிஷ் சினிமாவின் பொற்காலம் என்று சொல்லப்படும் பத்தாண்டைத் தோள்கொடுத்துத் தூக்கியவர்கள் இருவர் என்றால் அதில் ஒருவர்.

மௌனப்படம் என்கிறோமே தவிர, அது எடுக்கப்பட்ட தளத்தில் மௌனம் இருந்ததே இல்லை. ஒலிப்பதிவு கிடையாது என்பதால் கேமரா கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் அதட்டலாம், கெஞ்சலாம், கதை சொல்லலாம். நடிகை கண்ணைத் தாழ்த்துவதும் மூச்சை இழுத்துப் பிடிப்பதும் அந்தக் குரலைக் கேட்டுத்தான். இந்த வசதியைக் கடைசித் துளிவரை பயன்படுத்திக்கொண்டவர் ஸ்டில்லர். அவருடைய கலையின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் விளங்கிக்கொள்ள அந்தக் குரலைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

ஹெல்சிங்கியிலிருந்து வந்தவர்

1883 ஜூலை 17 அன்று ஹெல்சிங்கியில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஃபின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தது. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து, வேறொரு குடும்பத்தில் வளர்ந்து, நாடக மேடையில் ஒதுங்கியவர். ஜார் மன்னரின் ராணுவத்துக்கு ஆள் பிடித்தபோது அதற்குத் தப்பி ஸ்வீடனுக்கு ஓடிவந்தார். 1912இல் ஸ்வென்ஸ்கா பியோ படத் தயாரிப்பு நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் மக்னுசோன் இரண்டு நாடகக்காரர்களைப் படம் எடுக்க அமர்த்தினார். ஒருவர் விக்டர் ஷோஸ்ட்ரம். பிற்காலத்தில் இயக்குநர் பெர்க்மனின் 'வைல்டு ஸ்ட்ராபெரீஸ்' படத்தில் கிழப் பேராசிரியராக நாம் பார்த்தவர். இன்னொருவர் ஸ்டில்லர்.

அடுத்தடுத்த ஆண்டுகளில் ஐரோப்பா போரில் எரிந்தது. நடுநிலை வகித்த ஸ்வீடனில் படத் தொழில் நிற்கவில்லை. போட்டி குறைந்த சந்தையில் ஸ்வீடிஷ் படங்களுக்கு வெளிநாட்டிலும் இடம் கிடைத்தது. ஸ்டில்லர் கை பழகிய காலம் அது. ஆனால் அந்தத் தொடக்க காலப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1941 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் நைட்ரேட் சுருள்கள் வைத்திருந்த கிடங்கு வெடித்து எரிந்ததில் பழைய நெகடிவ்கள் சாம்பலாயின.

தப்பியவற்றில் 1916இல் வந்த 'சிறகுகள்' முக்கியமானது. அதுவும் தொலைந்துபோனதாகக் கருதப்பட்டு, 1987இல் நார்வேயில் பிரதி கிடைத்து மீண்டது. டேனிஷ் எழுத்தாளர் ஹெர்மன் பாங்கின் 'மிகேல்' நாவல்தான் மூலம். ஒரு சிற்பி தன் மாடலாக நின்ற இளைஞனைப் பிள்ளையாக வளர்க்கிறான். இளைஞனோ ஒரு சீமாட்டியின் பின்னால் போய்விடுகிறான். ஆணுக்கு ஆண் மீதுள்ள பிரியத்தைத் தொட்டுப் பேசிய முதல் படங்களில் ஒன்று என்று இதைச் சொல்வார்கள். கதையைச் சுற்றி இன்னொரு கதையையும் வைத்தார் ஸ்டில்லர்: படத்தை எடுக்கும் இயக்குநராக அவரே தோன்றி நடிகர்களைத் தேடுகிறார். படப்பிடிப்பையே படமாக்கும் யோசனை 1916இலேயே வந்திருக்கிறது. இளைஞனாக நடித்த லார்ஸ் ஹான்சன், ஸ்டில்லர் திரைக்குக் கொண்டுவந்த நாடக நடிகர். அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு அவருடைய வலது கை.

சிரிப்பும் பனியும்

ஸ்டில்லருக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று நையாண்டி. 'தாமஸ் கிராலின் சிறந்த படம்' (1917) என்ற நகைச்சுவையில் கதாநாயகன் ஒரு திரைக்கதை ஆசிரியன். தட்டச்சு செய்ய வந்த பெண் மீது ஆசை. அவளோ தன் வாழ்க்கையைப் பற்றி வாய்க்கு வந்த பொய்களைச் சொல்லிவிட்டுப் போகிறாள். இவன் அந்தப் பொய்களை வைத்துக் கதை எழுதுகிறான். எழுத்தாளனாக நடித்தது சாட்சாத் ஷோஸ்ட்ரம். சொந்தப் படங்களில் கடலையும் மலையையும் பார்த்து முகம் இறுகி நிற்கிறவரை, நண்பர் ஸ்டில்லர் அசட்டுக் காதலனாக்கி ஓடவிட்டார். தட்டச்சுப் பெண்ணாக வந்த கரின் மொலாந்தருக்கு இமையை ஒரு தடவை தூக்கினாலே ஒரு பக்க வசனம் பேசிய மாதிரி. அவர் பின்னாளில் லார்ஸ் ஹான்சனை மணந்துகொண்டார்.

இந்த நையாண்டி முழுதாகக் கனிந்தது 'எரோட்டிகோன்' (1920) படத்தில். பூச்சிகளின் காதல் வாழ்க்கையை ஆராய்கிற பேராசிரியர். அவருக்குத் தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும் தெரியாது. மனைவி ஐரீனாக தூரா தேயே, சிற்பியாக ஹான்சன், பேராசிரியரின் மருமகளாகக் கரின் மொலாந்தர். யார் யாரை விரும்புகிறார்கள் என்பது கையுறையைக் கழற்றும் விதத்திலும், சாத்திய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பார்வையிலும் தெரிந்துவிடும். முகத்தைச் சுளித்து மார்பில் அடித்துக்கொள்ளும் நடிப்பு உலகெங்கும் மலிந்திருந்த நாளில் இது பெரிய காரியம். இயக்குநர் லூபிட்ஷின் நாசூக்கான நகைச்சுவைகளுக்கு இந்தப் படம் முன்னோடி என்று விமர்சகர்கள் சொல்வது வழக்கம்.

இன்னொரு முகம் பனி. 'சர் ஆர்னேயின் புதையல்' (1919) லாகர்லெவின் கதை, 16ஆம் நூற்றாண்டு, ஒளிப்பதிவு யூலியஸ் யேன்சான். ஸ்காட்லாந்துக் கூலிப்படையினர் மூவர் ஒரு பாதிரியாரின் வீட்டில் எல்லோரையும் வெட்டிக் கொன்றுவிட்டுப் புதையலை அள்ளிக்கொண்டு போகிறார்கள். உயிர் பிழைத்த எல்சலில் என்ற பெண், யாரென்று தெரியாமல் கொலைகாரர்களில் ஒருவனையே காதலிக்கிறாள். எல்சலிலாக மேரி ஜான்சன், காதலனாக ரிச்சர்டு லுண்ட். தப்பிப்போகக் கப்பல் தயாராக நிற்கிறது, கடல் உறைந்துவிட்டது. பாவிகள் கப்பலில் இருக்கும்வரை பனி விடாது.

அந்த முடிவை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். வீரர்களின் ஈட்டிகளிலிருந்து தப்பக் காதலன் அவளையே கேடயமாகப் பிடிக்கிறான், அவள் சாகிறாள். பிறகு ஊர்ப் பெண்கள் கறுப்புடுத்தி, உறைந்த கடலின் மேல் நடந்து வருகிறார்கள், உடலை வாங்கிப்போக. கேமரா வெகு தூரத்தில் நிற்கிறது. வெள்ளைத் தாளில் யாரோ மையால் மெல்லக் கோடு இழுப்பதுபோல அந்த வரிசை வளைந்து நகர்கிறது. முகம் ஒன்றும் தெரியவில்லை. சொந்தத் துக்கம் ஊர்த் துக்கமாகிவிடுகிறது. ஐசன்ஸ்டைனின் 'ஐவன் தி டெரிபிள்' படத்தில் பனியில் வளைந்து வரும் மக்கள் வரிசையைப் பார்க்கும்போது இந்தக் காட்சி நினைவுக்கு வராமல் போகாது. கண்ணிமைப் பொழுதின் பார்வையை எடுக்கத் தெரிந்தவருக்கு நூறு பேரைக் கோடாக்கவும் தெரிந்திருந்தது.

லாகர்லெவின் கோபம், கார்போவின் வருகை

ஷோஸ்ட்ரம் லாகர்லெவின் கதைகளைப் பயபக்தியோடு படமாக்கினார். ஸ்டில்லருக்கு அந்தப் பக்தி கிடையாது. 1923இல் 'குன்னர் ஹேடேயின் கதை' எடுத்தபோது, நாவலில் பனிப்புயலில் சிக்கும் ஆடுகள் திரையில் கலைமான் மந்தையாகிவிட்டன. மிரண்டு ஓடும் தலைமானோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட நாயகன் பனியில் தரதரவென இழுபடுகிறான், சித்தம் கலங்கிப்போகிறான். நாயகன் ஐனார் ஹான்சன் என்ற இளம் நடிகர். எழுத்தாளருக்குப் படம் பிடிக்கவில்லை. சினிமாவாகப் பார்த்தால் ஸ்டில்லர் கணக்குத் தப்பவில்லை: ஆடு ஒரு மனிதனை இழுத்துப் போகாது.

'கெஸ்டா பெர்லிங்' தொடங்கும்போது அரச நாடகப் பள்ளித் தலைவர் குஸ்தாப் மொலாந்தரிடம் இளம் நடிகைகள் வேண்டும் என்று கேட்டார். வந்தவர்களில் ஒருத்தி கிரேட்டா குஸ்டாஃப்சன். ஸ்டாக்ஹோமின் ஏழைப் பகுதியில் பிறந்தவள், தகப்பனை இழந்தவள், சவரக் கடையில் வாடிக்கையாளர்களின் முகத்துக்குச் சோப்பு நுரை பூசியவள், பல்பொருள் அங்காடியில் தொப்பி விற்றவள். உடம்பைக் குறைக்கச் சொன்னார். கார்போ என்ற பெயர் அந்த நாட்களில்தான் வந்தது. தளத்தில் ஓயாமல் பேசி, திட்டி, அழவைத்து, மீண்டும் பேசி நடிக்கவைத்தார்.

படத்தை இன்று பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. கெஸ்டாவாக வரும் ஹான்சனும், ஏக்கேபி மாளிகையின் எஜமானியாக வரும் கெர்டா லுந்தெக்விஸ்ட் என்ற மூத்த மேடை நடிகையும்தான் படத்தைச் சுமக்கிறார்கள். கார்போ இன்னும் பயந்த பெண்தான். ஆனால் அருகே வந்து கேமரா நிற்கும்போது அவர் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார். அந்தச் சும்மா இருத்தலில் கண் ஒட்டிக்கொள்கிறது. பேசிப் பேசி ஸ்டில்லர் கற்றுக்கொடுத்தது, கடைசியில், சும்மா இருக்கத்தானோ என்னவோ.

குரல் எடுபடாத ஊர்

பெர்லினில் படம் நன்றாக ஓடியது. அடுத்த படத்துக்காகக் கார்போவையும் ஐனார் ஹான்சனையும் அழைத்துக்கொண்டு கான்ஸ்டான்டிநோபிள் போனார். பணம் போட்ட ஜெர்மன் நிறுவனம் நொடித்துப்போகவே படம் நின்றது. இரு நடிகர்களையும் இயக்குநர் பாப்ஸ்ட் தம் 'மகிழ்ச்சியற்ற தெரு' (1925) படத்தில் போட்டுக்கொண்டார். அதற்கு முன்பே எம்ஜிஎம் ஸ்டூடியோத் தலைவர் லூயிஸ் பி. மேயர் பெர்லினில் ஸ்டில்லரைச் சந்தித்திருந்தார். 1925 ஜூலையில் ஸ்டில்லரும் கார்போவும் நியூயார்க்கில் கப்பலிறங்கினார்கள்.

கார்போவின் முதல் அமெரிக்கப் படத்தை வேறொருவருக்குக் கொடுத்தது கம்பெனி. இரண்டாவதான 'தி டெம்ப்ட்ரஸ்' (1926) ஸ்டில்லர் கைக்கு வந்தது. தளத்தில் அவர் இதுவரை பார்த்திராத கும்பல்: உதவியாளர்கள், கணக்கர்கள், மேற்பார்வையாளர்கள். எதையும் முன்கூட்டித் தாளில் கேட்டார்கள். ஸ்டில்லரோ தளத்தில் நின்று பேசிப் பேசித்தான் காட்சியைக் கண்டடைகிறவர். இப்போது நடுவில் மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தது. நிறுத்து என்பதற்குப் போ என்றும், போ என்பதற்கு நிறுத்து என்றும் கத்தினார் என்று ஹாலிவுட்டில் ஒரு கதை உண்டு. கதாநாயகன் அன்டோனியோ மொரேனோவிடம் மீசையை எடுக்கச் சொன்னதில் மூண்ட சண்டையும் ஊரறிந்தது. சில வாரங்களில் அவரை நீக்கிவிட்டு ஃபிரெட் நிப்லோவிடம் படத்தை ஒப்படைத்தார்கள். கார்போ தொடர்ந்து நடித்தார், ஒப்பந்தம் அப்படி.

மௌனப்படத்துக்கு மொழி இல்லை, அது உலகப் பொதுமொழி என்று அன்று எல்லோரும் பேசினார்கள். திரைக்கு அது சரி. தளத்துக்குப் பொருந்தவில்லை. பேசும் படம் வந்து, உச்சரிப்புச் சரியில்லை என்று நடிகர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, மொழி இல்லாமல் வேலை இழந்த இயக்குநர் அவர்.

வேறு ஆட்கள் அமைந்தபோது வேலை நடந்தது. பாரமவுண்டில் ஜெர்மனியிலிருந்து வந்த எரிக் பொம்மர் தயாரிப்பாளர், போலந்துக்காரியான போலா நெக்ரி நாயகி. 'ஹோட்டல் இம்பீரியல்' (1927) முதல் உலகப்போர்க் கதை. எதிரிகள் பிடித்த ஊரில் ஒரு விடுதிப் பணிப்பெண். விடுதியின் அறைகளை அடுத்தடுத்துக் கட்டி, மேலே தண்டவாளம் போட்டு, கேமராவைத் தொங்கவிட்டு அறைக்கு அறை ஓட்டினார்கள். நெக்ரியின் மினுமினுப்பைத் துடைத்துவிட்டு, வாளியும் துடைப்பமுமாக அவரை நிறுத்தினார் ஸ்டில்லர். அவருடைய அமெரிக்கப் படங்களில் உருப்படியாக நிற்பது அது ஒன்றுதான். எமில் யானிங்ஸை வைத்துத் தொடங்கிய 'ஸ்ட்ரீட் ஆஃப் சின்' படத்தை மற்றவர்கள் முடித்தார்கள்.

அவர் கைவளர்ப்புகளோ எங்கெங்கோ போய்விட்டார்கள். 'ஃபிளெஷ் அண்ட் தி டெவில்' படத்தில் கார்போவும் லார்ஸ் ஹான்சனும் சேர்ந்து நடித்தார்கள். இயக்கியவர் கிளாரன்ஸ் பிரவுன். ஷோஸ்ட்ரம் ஹாலிவுட்டில் அமைதியாக வேர்விட்டு, ஹான்சனை லிலியன் கிஷ்ஷோடு 'தி விண்ட்' (1928) படத்தில் நிறுத்தினார். 'தி டிவைன் உமன்' படத்தில் கார்போவையும் ஹான்சனையும் இயக்கினார். அதில் இன்று சில நிமிடங்களே மிச்சம். ஐனார் ஹான்சன் 1927 ஜூனில் கார் விபத்தில் இறந்தார். அந்த ஆண்டின் கடைசியில் ஸ்டில்லர் நோயோடு ஸ்டாக்ஹோம் திரும்பினார். 1928 நவம்பரில், 45 வயதில் இறந்தார். 'வைல்டு ஆர்க்கிட்ஸ்' படப்பிடிப்பில் இருந்த கார்போவுக்குத் தந்தி போனது.

கடைசி நாட்களில் ஷோஸ்ட்ரம் மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். நேரம் முடிந்ததும் செவிலி வந்து கிளம்பச் சொன்னார். ஸ்டில்லர் நண்பரின் கையைப் பிடித்தவர் விடவில்லை. இன்னும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதை இன்னும் சொல்லவில்லை என்று அழுதார். ஒரு படத்துக்கான கதை அது. உண்மையான மனிதர்களைப் பற்றியது. உன்னால் மட்டும்தான் எடுக்க முடியும் என்றார். செவிலி இருவரையும் பிரித்துவிட்டார். அந்தக் கதையை யாரும் கேட்கவில்லை.